அடி மணல்

மேல் மணல் சுட்டால் அடி மணல் குளிர்ந்திருக்கும். கடற்கரையில் கை அளைந்து விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. அந்தத் தீவில் மட்டும் ஏனோ அப்படி இல்லை. அவள் சும்மா உட்கார்ந்தபடி விரல்களால் குடைந்துகொண்டே போனாள். மேலே வெயில் காய்ந்த சாதாரணச் சூடு. முழங்கை வரை கை இறங்கியபோது வேறு மாதிரி, இதமாக, விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஒரு வெதுவெதுப்பு. இதை எங்கோ நிறையத் தடவை தொட்டிருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"என்னங்க, இங்க வந்து கை வெச்சுப் பாருங்களேன். உள்ள சுடுது."

"கடலுக்கே காய்ச்சலா, டாக்டரம்மா?" என்றான் கணவன்.

அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க ஊரார் தோளையும் முழங்காலையும் நீவி விடுகிற வேலை. அவன் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். இடுப்பு பிடித்துக்கொண்டு அவளிடம் வைத்தியத்துக்கு வந்தவன்தான். இடுப்பு வலி போகவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. "கண்டவங்க முதுகையெல்லாம் பிடிச்சு விடற, கட்டினவன் முதுகுன்னா மட்டும் கை ஓய்ஞ்சுடுது" என்று முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வான். பிறகு சிரிக்காமல் சொன்னான். அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டான். ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துப் பழகியிருந்தார்கள். அது பயமாக இருந்ததால்தான் அவள் அடம்பிடித்து இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள்.

விடுதி இருந்தது பெரிய தீவில். இது அதற்கு எதிரே கிடந்த துண்டுத் தீவு. நாலு தென்னையும் ஒரு வெள்ளை மணல் கரையும், அவ்வளவுதான். படகுக்காரர் இறக்கிவிட்டு, "வெயில் சாயறப்ப வந்துடுறேன், நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவன் கையை விட்டுப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, ஒத்தடம் மாதிரி இருக்கே! என் இடுப்புக்குன்னே செஞ்சு வெச்சிருக்கான்."

மளமளவென்று பள்ளம் பறித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டான். "மூடு மூடு" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு கையாலும் மணலை அள்ளி அவன் காலை, வயிற்றை, மார்பை, கழுத்து வரை மூடித் தட்டிக் கொடுத்தாள். இப்படி அவர்கள் விளையாடி எவ்வளவு காலமாயிற்று!

வேலை முடிந்து நிமிர்ந்தபோதுதான் கரையின் அமைதி உறைத்தது. அலை வந்து போகிற சத்தம் இருந்தது, தென்னை ஓலை உரசுகிற சத்தம் இருந்தது. ஆனால் அந்த நீளக் கரையில் ஒரு நண்டு வளைகூட இல்லை, ஒரு பறவைக் கால்தடம் இல்லை. தோண்டின இடத்திலிருந்து உப்பு வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. பலர் படுத்துத் தூங்கிய அறையைக் காலையில் முதன்முதலாகத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த வாடை.

"நல்லாயிருக்கா?" என்று கேட்டபடி அவன் பக்கத்தில் சாய்ந்து, மணலுக்குள் கையை நுழைத்து அவன் கையைத் தேடினாள். கிடைத்தது. விரல்கள் அவள் விரல்களோடு பின்னிக்கொண்டன. கட்டைவிரல் அவள் உள்ளங்கையை மெல்ல வருடியது.

"நான் உங்களைச் சரியா கவனிக்கலை, இல்ல?"

"விடு. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

சொல்லிக்கொண்டே அவன் வலது கையை மணலிலிருந்து உருவி மூக்கைச் சொறிந்தான். கண்ணில் வெயில் பட்டதோ என்னவோ, இடது கையையும் உருவி நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்தான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே, கட்டைவிரல் இன்னும் வருடிக்கொண்டிருந்தது.

அலறியபடி கையை இழுத்தாள். அது இழுத்துப் பிடிக்கவில்லை. மரியாதையாக, மெதுவாக விட்டுவிட்டது. அந்த வெதுவெதுப்பு எது என்று அப்போது அவளுக்குப் பிடிபட்டது. தினமும் தொடுகிற சூடு. ஆளுடம்பின் சூடு.

"எழுந்திருங்க. உள்ள யாரோ இருக்காங்க. கை… என் கையைப் பிடிச்சுது."

"தென்னை வேரா இருக்கும்."

"வேர் விரலை நீவி விடுமா? எழுந்திருங்கன்னா!"

"அஞ்சு நிமிஷம்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பத்தான் வலியே இல்லை." அவன் கைகள் தாமாகவே மணலுக்குள் இறங்கின. கண்கள் செருகின. குரல் குழைந்தது. "அங்கதான்… இன்னும் கொஞ்சம் கீழ… நல்லா அமுக்கு. உன் கை மாதிரி வராது."

அவள் அவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கைகள் இரண்டும் வாயைப் பொத்தியிருந்தன.

பாய்ந்து விழுந்து தோண்டினாள். நகம் பிய்ந்தது. அள்ள அள்ள மணல் சரிந்து நிரப்பியது. ஒரு நொடி அவன் மார்பு தெரிந்தது. அதன் மேல் கைகள். இரண்டு. இல்லை, நாலு. வெளுத்து, ஊறி, விரல் கோத்து. தூக்கத்தில் கட்டிக்கொள்வதுபோல. மணல் மூடியது. மறுபடி தோண்டினாள். அவன் இன்னும் ஆழத்தில் இருந்தான்.

"எல்லாரும் நல்லவங்கதான்" என்றான் கண்ணைத் திறக்காமல். "நீயும் வாயேன்."

மணல் அவன் காதுகளை மூடியது. கன்னத்தை. புன்னகையை.

பிறகு அங்கே எதுவும் இல்லை. வழவழவென்று கரை.

தோண்டினாள். கூப்பிட்டாள். தோண்டினாள். எவ்வளவு நேரமோ தெரியாது. படகின் மோட்டார் சத்தம் கேட்டதும் தண்ணீரை நோக்கி ஓடினாள். இடுப்பளவு நீரில் நின்று கத்தினாள். படகு வந்துகொண்டே இருந்தது. சட்டென்று மோட்டார் நின்றது. படகுக்காரர் எழுந்து நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கரையைப் பார்த்தார்.

"திரும்பாதீங்கம்மா" என்றார். "அப்படியே தண்ணிக்குள்ள நடந்து என்கிட்ட வந்துடுங்க."

அவள் திரும்பினாள்.

வெயில் சாய்ந்திருந்தது. உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிந்த கரையில் இப்போது நிழல் விழுந்திருந்தது. மேடுகள். ஆள் நீளத்துக்கு. இரண்டிரண்டாக, அருகருகே, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. எல்லா மேடுகளும் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

கடைசி மேடு மட்டும் தனியாக இருந்தது. அதன் இடப்பக்கம் ஒரு பள்ளம், புதிதாகப் பறித்தது. சரியாக அவள் உயரம்.

பள்ளத்தின் தலைமாட்டில், உள்ளேயிருந்து நீண்ட ஒரு கை, மணலைக் குவித்து, தட்டித் தட்டித் தலையணை செய்துகொண்டிருந்தது.