சன்னாசி ஒதுங்கிய பக்கம்

ஈப்போவில், அண்ணன் முறையில் எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் தாவூதின் சாப்பாட்டுக் கடைக்கு நவமணி வந்து சேர்ந்தபோது மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. வைத்த தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்க, அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கப்பாவ பாலத்துலேருந்து தள்ளுனது என் வீட்டுக்காரருதான்னு பிடிச்சிட்டுப் போயிட்டாங்க நானா. தூக்குல போட்டுருவாங்களாம்."

"தள்ளுனாரா?"

"அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை, அது நெசந்தான். ஆனா பிச்சைமுத்துவுக்குக் கோழி அறுக்கவே கை நடுங்கும்."

தாவூத் பல வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பொய்ச் சாட்சி கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவர். இந்த அழுகையில் பொய் இல்லை என்று அவருக்குப் பட்டது. அவர் சட்டையை மாட்டுவதற்குள் புந்தோங் டாக்சிக்காரன் பத்துமலை வண்டியைக் கிளப்பிவிட்டான். துப்புத் துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதுவும் நவமணியின் ஊர், சுங்காய்ப் பக்கத்தில் அவன் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை வளர்ந்த அதே ரப்பர் தோட்டம்.

வழியில் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பத்துமலை நடுரோட்டை விட்டு நகரவில்லை.

"தோட்டத்து சனங்கதான் நானா, ஹாரன் கேட்டா பயந்து ஒதுங்கும். என் டாக்சி, என் ரோடு. நான் எதுக்கு ஒதுங்கணும்?"

தாவூத் கண்ணாடியில் லாரியைப் பார்த்தார்.

தோட்டத்துப் பாலம் மரப்பலகைப் பாலம். வலப்பக்கம் கைப்பிடி இருந்தது. இடப்பக்கம் ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்கென்று ஓரப்பலகை இருந்ததாம், உளுத்துவிட்டதென்று போன வாரம் கழற்றிவிட்டார்கள். கீழே பாறை. அந்திநேரத் தூறலில் நவமணியின் அப்பா சன்னாசி அதில்தான் விழுந்து கிடந்தார்.

"சைக்கிள் பாலத்துப் பலகை மேல சாஞ்சு கெடந்துச்சு. செருப்பு ஓரமா ஜோடியா இருந்துச்சு. தலைத்துண்டு அப்பா கையிலயே இருந்துச்சு" என்றாள் நவமணி. "தல நனைஞ்சா இருமல் வரும். மழையில துண்ட எடுக்கவே மாட்டாரு."

"போலீஸ் என்னா சொல்லுது?"

"இழுபறியில கழண்டுச்சாம்."

"இழுபறியில கழண்ட செருப்பு ஜோடியா நிக்காது தங்கச்சி. அப்பாவுக்கு யார்கூட பகை?"

"பகையெல்லாம் இல்ல. ராத்திரியில மரத்துல காஞ்ச ஒட்டுப்பாலு ரப்பரு திருட்டுத்தனமா வெளிய போவுது, நாளைக்குப் புது மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன்னாரு. யாரு செய்யறதுன்னு சொல்லல. மறுநாள் அவரே இல்ல."

தோட்டத்து ஸ்டோரில், ஆறு வருஷத்துக்கு முன் கப்பலேறிப்போன வெள்ளைக்காரத் துரையின் பழைய கார் துருப்பிடித்துக் கிடந்தது. கதவோரம் ரப்பர் உருண்டை வைத்த பித்தளை ஹாரன் ஒன்று இருக்கும் என்றான் பத்துமலை. இப்போது அது இல்லை. வண்டி முழுக்கத் துரு. ஹாரன் இருந்த இடத்துத் திருகு ஓட்டை மட்டும் பளபளத்தது. ஸ்டோர் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒருவர் தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி உடையப்பன். மற்றவன் லாரி டிரைவர் கார்த்திகேசு.

"லாரிக்காரன்தான் நானா. பாலு கடத்த லாரி வேணுமே" என்றான் பத்துமலை.

"இருக்கலாம்" என்றார் தாவூத்.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்து ஆபீசில் எல்லாரையும் கூட்டினார். பால்வெட்டுக்காரர்கள், நவமணி, கார்த்திகேசு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். உடையப்பன் தன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பத்துமலை டாக்சி பக்கத்தில் காவல். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ரப்பர் உருண்டை அமுங்கிப் பித்தளை கனைத்தது.

பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. துண்டுகள் இறங்கின. கார்த்திகேசு மடியில் காப்பியைக் கொட்டிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, சுவரோரம் குனிந்து நின்றான். நவமணியும் நின்றாள். தாங்கள் ஏன் நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

உடையப்பன் மட்டும் எழவில்லை. அவர் கண் மூலையிலிருந்த பூட்டிய அலமாரிக்குப் போய்த் திரும்பியது.

"அடிச்சது என் கடைச் சமையல்காரன். பழைய சாமான் கடையில இதே மாதிரி ஹாரன் கெடைச்சுது" என்றார் தாவூத் நிதானமாக. "தொரை கப்பலேறுற வரைக்கும் இந்தச் சத்தத்துக்கு நீங்களும் எந்திரிச்சவர்தான் கிராணி. இன்னிக்கு மட்டும் ஏன் எந்திரிக்கல? மத்தவங்க காதுல தொரை வந்தாரு. நீங்க உங்க பொருளு எங்கன்னு பாத்தீங்க. இன்ஸ்பெக்டர், அந்த அலமாரி."

ஹாரன் சாக்கில் சுற்றியிருந்தது. நவமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓரப்பலகையக் கழட்டச் சொன்னது இவரு. தூறல்ல பின்னால வந்து அமுக்குனாரு. சன்னாசி சைக்கிள விட்டாரு, துண்ட எடுத்தாரு, செருப்பக் கழட்டுனாரு, எடது பக்கம் ஒதுங்குனாரு. பலகை இல்லன்னு புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியல. கோர்ட்டுல இத அனிச்சைன்னு மொழிபெயர்ப்பேன். இந்தத் தோட்டத்துல அதுக்குப் பேரு மரியாதை."

உடையப்பன் அசரவில்லை. "பாலு போனது போனதுதான். லாரிக்காரனுக்கு என்ன ஏத்துறோம்னுகூடத் தெரியாது. ஆனா நான் அந்தாளத் தொடலயே. ஹாரன் அடிச்சா கேசா? அவரா ஒதுங்குனாரு."

"அவரா இல்ல" என்றாள் நவமணி. "அப்பாவுக்குக் கல்யாணமான புதுசுல, தொரை காருக்கு அவரு சைக்கிள விட்டு எறங்கலன்னு, அதே பாலத்துல செருப்பக் கழட்டி அடிச்சது நீங்க. அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க."

கிராணி அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அடிச்சதாலதான் பழகுனாங்க" என்றார்.

பிச்சைமுத்துவை ராத்திரிக்குள் விட்டுவிடுவதாக இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்தார். கிராணி மேல் கொலைக்கேஸ் நிற்குமா என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். தாவூதும் நவமணியும் டாக்சியில் முன்னால் போனார்கள். பாதை முழுக்கச் சனம் நின்றது, பத்துமலை ஊர்ந்துதான் ஓட்டினான். பின்னால் ஜீப்பில் இருந்த கான்ஸ்டபிள் பையன், வழி விடச் சொல்லவோ விளையாட்டுக்கோ, மடியிலிருந்த சாட்சிப்பொருளான ஹாரனை ஒரு தரம் அமுக்கிவிட்டான்.

சனம் அப்படியே இடப்பக்கம் ஒதுங்கித் தலைத்துண்டை இறக்கியது. அத்தனை தலையும் குனிந்திருக்க, நடுவே ஜீப் போயிற்று. விலங்கோடு உட்கார்ந்திருந்த உடையப்பன் இருபுறமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

பத்துமலையின் டாக்சி இடப்பக்கப் புல்லில் ஒதுங்கி நின்றிருந்தது. பிரேக்கை எப்போது மிதித்தான் என்று அவனுக்கு நினைவில்லை. தலையிலிருந்த தொப்பி மடியில் கிடந்தது.

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை.