விற்காத எண்ணெய்க்கு வந்த கூப்பன்கள்

திங்கட்கிழமை காலை பத்து மணி. சிட்லபாக்கத்தில் ராஜகோபாலனின் பலசரக்குக் கடையில் ஒரே களேபரம்.

"திருடி! உன்னை நம்பிக் கல்லாவுல உட்கார வச்சேனே!" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் ராஜகோபாலன். பில் போடும் ஜான்சி அழுதபடி நின்றாள்.

வரிசையில் முதல் ஆள் மாளவிகா. கூப்பன் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஞாயிறுதோறும் வீட்டு வாசலில் வந்து விழும் இலவசப் பத்திரிகையைக் கத்தரிக்காவிட்டால் பொழுதே போகாது. பின்பக்கத்துக் குறுக்கெழுத்துப் போட்டியில் ஓட்டை விழுந்துவிட்டதென்று கணவர் சத்யநாராயணன் நேற்றும் சண்டை பிடித்திருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"அந்த இலவசப் பேப்பர்ல வர்ற எண்ணெய்க் கூப்பன்தான் மேடம். நீங்க கொடுத்தா பாக்கெட்டுக்கு முப்பது ரூபாய் குறைக்கிறேன். கூப்பனைச் சேர்த்து அனுப்பினா கம்பெனி அந்தப் பணத்தை எனக்குத் தரும். இப்போ மொத்தக் கட்டும் திரும்பி வந்துடுச்சு. வித்த எண்ணெயைவிடக் கூப்பன் அதிகமாம்!"

மாளவிகாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கல்லாவில் கூப்பனும் காசுதான். முப்பது ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு கூப்பனைப் போட்டுவிட்டால் இரவுக் கணக்கு கச்சிதமாக நேராகிவிடும்.

"கல்லாவைத் தொடுறது யார் யார்?"

"பகல்ல இவ. ராத்திரி கணக்கு முடிக்கிறது மேனேஜர் ஷ்யாம்சுந்தர்."

ஷ்யாம்சுந்தர் முந்திக்கொண்டு வந்தான். "கம்பெனிகிட்ட பேசி நம்ம கடைக்குக் கூப்பன் போட வச்சதே நான்தான் மேடம். பேப்பர் அச்சாபீஸ்ல நானே நின்னு, சிவப்பு மை சரியா வரலைன்னு நாலு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எல்லாத்தையும் கெடுத்துட்டா. போலீஸைக் கூப்பிடுங்க சார்!"

"எங்க வூட்டுக்கு அந்தப் பேப்பரே வராதுக்கா," என்று விம்மினாள் ஜான்சி. "இவ்ளோ கூப்பனுக்கு நான் எங்க போவேன்?"

"பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல கிடைக்குமே!" என்றான் ஷ்யாம்சுந்தர்.

மாளவிகா திரும்பி வந்த கூப்பன் கட்டைப் பிரித்தாள். கோணலாகக் கத்தரித்தவை, கையால் கிழித்தவை, சாம்பார்ப் பொடி அப்பியவை. நடுநடுவே மடிப்புக்கூட விழாதவையும் ஏராளம். ஒன்றைத் திருப்பினாள். இன்னொன்றையும் திருப்பினாள். அகப்பட்டுவிட்டது!

"சார், அச்சாபீஸுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல!"

அச்சாபீஸ் சவுரிமுத்து எடுத்தார். "இன்னா சார் காலங்காத்தால?"

"கூப்பனுக்குச் சிவப்பு சரியா வரலைன்னு ஓட்டினீங்களே, அந்தத் தாளெல்லாம் எங்க?" என்று கேட்டாள் மாளவிகா.

"வேஸ்ட்டு தானேம்மா. அலமாரில விரிக்கணும்னு உங்க கடை மேனேஜரு கட்டிக்கினு பூட்டாரே!"

வரிசையில் நின்றவர்கள் ஷ்யாம்சுந்தரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கூப்பனை எண்ணினீங்க, யாரும் திருப்பிப் பார்க்கலை," என்றாள் மாளவிகா. "பத்திரிகையில வெட்டின கூப்பனுக்குப் பின்னாடி குறுக்கெழுத்து இருக்கும். வாராவாரம் அதுக்காகத் திட்டு வாங்குறவ நான். பழைய பேப்பர் கடையில வாங்கி வெட்டினாலும் அது இருக்கணும். இதுல பாதிக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளை! மறுபக்கம் அச்சாகுறதுக்கு முன்னாடியே எடுத்த தாள் இது. ராத்திரி ராத்திரி இதைப் போட்டுட்டுக் காசை எடுத்தது நீங்கதான், ஷ்யாம்சுந்தர்!"

ஷ்யாம்சுந்தரின் முகம் வெளிறியது. வாசலைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் இம்மிகூட நகரவில்லை.

ராஜகோபாலன் ஜான்சியின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "தப்பா நினைச்சுட்டேன்மா. போய் உட்காரு."

ஜான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை.

"திருடின்னு சத்தமாத்தானே சார் சொன்னீங்க?"

ராஜகோபாலன் நிமிர்ந்து நின்று, கடைக்கோடியில் பருப்பு அலமாரிப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஜான்சி திருடலை! தப்பு என் மேலதான்!"

அதன் பிறகே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.