அடியிலிருந்து வரைந்த படம்

வழக்கமாகப் போகிற ஹோஸ் கடை அன்றைக்குப் பார்த்துப் பூட்டியிருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. மெக்கானிக், எதிரே திறந்திருந்த ஒரே கடைக்குள் ஓடிப் புகுந்தான்... கையில் பழைய ஏசி குழாய், சட்டைப்பையில் அவனே வரைந்த ஒரு படம்.

உள்ளே ஒரு பெண், ரப்பர் ஹோஸின் முனையில் வளைந்த உலோக மூக்கை வைத்து இயந்திரத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

அந்தக் கண்கள்... வெளியே பெய்த மழையெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியதோ என்று அவனுக்குத் தோன்றியது. பதிலுக்கு அவளுக்கு என்ன தோன்றியதோ...

"தரையெல்லாம் ஈரம் பண்றீங்க," என்றாள்.

அவனுக்கு இருந்த அவசரத்தில் கோபப்படக்கூட நேரமில்லை. கார் அம்மாவுடையது. பழைய இன்ஜின் உயிரை விட்டதும், இரண்டே வாரத்தில் வேறு இன்ஜின் மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்ஜின் என்னவோ பிரமாதமாக ஓடியது. ஆனால் பழைய இன்ஜினில் ஏசி கம்ப்ரசர் இடப்பக்கம் இருந்தது, புதியதில் வலப்பக்கம். அவன் அதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இப்போது குழாய்கள் எட்டவில்லை.

ஏசி இல்லாத காரில் அம்மா ஏற மாட்டாள். அடுப்பு மேல சீட்டு போட்டு உக்கார வைக்கிறியாடா, என்று கேட்டுவிட்டாள். சனிக்கிழமை வரைக்கும் கெடு. அதற்குள் குளிர்காற்று வராவிட்டால் அக்கா வீட்டுக்காரர் காரை விற்றுவிடுவார். இவன் பட்டறையை மூடிவிட்டு அவருடைய டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும். மனுஷன் அதற்காக நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

படத்தைக் கொடுத்தான். இதில் இருக்கிற மாதிரியே போடுங்கள், ஒரு நூல்கூட மாற வேண்டாம் என்றான். அவள் படத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஹோஸை வாங்கிப்போய்க் காருக்கடியில் படுத்தான். மூக்கு வெளிப்பக்கம் பார்க்க வேண்டியது... இன்ஜினைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை அழுத்திய மூக்கைத் திருப்ப முடியாது. திரும்பிப் போய்க் கத்தினான். அவள் படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஹோஸை அதன்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

அப்புறம்தான் விளங்கியது. அவன் காருக்கடியில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்து வரைந்திருந்தான். அவள் பானெட்டைத் திறந்து மேலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி படித்திருந்தாள். இடம் வலமாகிப்போனது. மெக்கானிக் என்றால் அடியில் படுத்துத்தான் வரைவான் என்றான் இவன். மனிதர்கள் என்றால் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள் என்றாள் அவள். அரை மணி நேரம் போனது இப்படி. இதற்கு நடுவில் அவள் உதடு ஓரத்தில் ஏதோ ஒன்று துடித்த மாதிரி இருந்தது... சிரிப்பா? சேச்சே.

வியாழக்கிழமை இரண்டாவது ஹோஸ். மூக்கு சரியாக இருந்தது. நீளம் இரண்டு விரல் குறைந்தது.

பார்த்த மாத்திரத்தில் அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவன் அளந்தபோது இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு போல்ட்டை முடுக்கியதும் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது. இப்படி ஒரு தப்பைச் செய்தவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இவன் நேரே கடைக்குப் போய், "அளவைக் குறைச்சிட்டீங்க" என்றான்.

அவள் டேப்பை ஹோஸின்மேல் நீட்டினாள். அவன் எழுதிக்கொடுத்த எண்ணில் விரலை வைத்தாள். அந்தக் கண்களில் இந்தத் தடவை மழை இல்லை... வெயிலும் இல்லை.

"வேற கடை பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் என்ன செய்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் அவள் கடை வாசலில் நின்றான். வழியெல்லாம் ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். பார்த்தால்... அவள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள். தோளில் பை. பைக்குள் கொஞ்சம் புது ஹோஸும், கையால் அழுத்துகிற சின்ன பிரஸ்ஸும்.

காரைக் கண்ணால் பார்க்காமல் இனி எதையும் அழுத்தப்போவதில்லை என்றாள். இவ்வளவு நேரமா வருவதற்கு என்றும் கேட்டாள். மனப்பாடம் மொத்தமும் மறந்துபோயிற்று.

பட்டறையில் அவள் முதலில் கேட்டது, ஸ்பேனர்கள் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டனவா என்பது. ஒன்று ஜன்னலில், ஒன்று வாளியில், ஒன்று அவன் பின்பக்கப் பாக்கெட்டில். பிறகு அட்டையை விரித்து அவளும் காருக்கடியில் படுத்தாள். அவனும் படுத்தான். ஹோஸை வளைத்துப் பார்த்து, மூக்கை அழுத்தாமலே பொருத்தி, ரப்பரையும் உலோகத்தையும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். வெளியே எடுத்தாள். கோட்டுக்குக் கோடு சேர்த்து அழுத்தினாள். மாட்டினாள். உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவுதானா... இதற்கா ஒரு வாரம்... அவனுக்குத் தலையைக் கொண்டுபோய்ப் பம்பரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

குழாயிலிருந்த காற்றை மோட்டாரால் உறிஞ்சி, வால்வை மூடினார்கள். அரை மணி நேரம் மீட்டர் முள் அசையாமல் இருந்தால் கசிவு இல்லை என்று அர்த்தம். அதுவரை செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ரெண்டாவது ஹோஸ்... உங்க தப்பு இல்ல," என்றான் முள்ளிடம். "நான் அளந்தப்ப இன்ஜின் தொங்கிட்டிருந்துச்சு. தெரிஞ்சேதான் பழியை உங்க மேல போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"படத்துல நட்டு எத்தனைன்னுகூட எண்ணிப் போட்டிருந்தீங்க. அப்படிப்பட்ட ஆள் நீளத்தைத் தப்பா எழுதினா, வேற ஏதோ நடந்திருக்கணும்." கையிலிருந்த சாக்பீஸை உருட்டினாள். "முதல் ஹோஸும்... உங்க தப்பு இல்ல."

அவன் திரும்பினான்.

"ஆயில் இறக்குற போல்ட்டை நடுவுல வரைஞ்சிருந்தீங்க. அது மேல இருந்து பார்த்தா தெரியாது. அடியில படுத்து வரைஞ்சதுன்னு அப்பவே புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சுமா அழுத்தினீங்க? எனக்கு இங்க சனிக்கிழமை கெடு... டைல்ஸ் கடை... நாற்காலியே வாங்கிட்டாருங்க!"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் இறங்கியது. "சரியா போட்டுக் குடுத்திருந்தா... நீங்க ஏன் திரும்பி வரப்போறீங்க?"

கோபம் வர வேண்டிய இடம் இது. அவனும் முயற்சி செய்துதான் பார்த்தான். முள் மட்டும்தான் அசையாமல் இருந்தது.

"வழக்கமா போற கடை நேத்து திறந்திருந்துச்சு," என்றான். "வாசல் வரைக்கும் போனேன். நாலு தடவை. உள்ள போக மனசு வரல... இனிமே எந்த ஹோஸுக்கும் வராது."

அவள் சாக்பீஸ் படிந்த விரலால் அவன் மூக்கில் சின்னதாக ஒரு கோடு போட்டாள்.

கேஸ் ஏற்றி முடித்தபோது அம்மா வந்துவிட்டாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இன்ஜினை முடுக்கி, காற்று வரும் துளைக்கு நேரே முகத்தை வைத்தாள். கண்ணை மூடினாள். ஒரு நிமிஷம் கழித்துப் போனை எடுத்து, அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொன்னாள். அப்புறம் அவன் மூக்கைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்தாள்.

"நீ முன்னாடி ஏறும்மா. டேய், பின்னாடி உக்காரு."

பின் இருக்கைக்குக் குளிர் வரவே இல்லை. இரண்டு மாத உழைப்புக்குப் பலன், அவனுக்கு மட்டும் வேர்வை. முன்னால் அவள் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியை இறக்கி, கன்னத்திலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தாள். அதில் அந்தக் கண்கள் மட்டும் தெரிந்தன... அவனையே பார்த்துக்கொண்டு.

கண்ணாடியில் இடம் வலமாகத்தான் தெரியும். இந்தத் தடவை அவன் சண்டைக்குப் போகவில்லை.