நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் 'துருவி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது பத்து.

அவளுடைய அண்ணன் கல்லூரியில் படித்தான். சனிக்கிழமை காலை, எறும்புகளைப் பற்றிய தன் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். திங்கட்கிழமை அதைப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

துருவி சும்மா இருப்பாளா? எடுத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

'எறும்புகள் இரவில் புற்றைவிட்டு வெளியே வருவதில்லை.' கீழே ஒரு புத்தகத்தின் பெயரும் அதன் பதிப்பகத்தின் பெயரும் 'பக்கம் 112' என்ற குறிப்பும் இருந்தன.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"அண்ணா, எறும்பு ராத்திரியில வெளிய வராதா?"

"வராது."

"அப்போ நேத்து ராத்திரி சர்க்கரை டப்பாவுக்குள்ள போனது யாரு?"

"புத்தகத்துலயே போட்டிருக்கு. உனக்கு என்ன தெரியும்?"

"நீ அந்தப் புத்தகத்தைப் படிச்சியா?"

துண்டு ஒரு நொடி அசையாமல் நின்றது. "எல்லாத்தையும் படிக்க நேரம் ஏது?" என்று முணுமுணுத்தான்.

அந்த ஒரு நொடியில் துருவிக்குப் பொறி தட்டியது. அந்தக் குறிப்பைத் தாளில் எழுதிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள்.

நூலகர் அக்கா கணினியில் தேடினார். அலமாரியில் தேடினார். பிறகு பதிப்பகத்துக்கே தொலைபேசியில் பேசிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகத் துருவியைப் பார்த்தார்.

"இப்படி ஒரு புத்தகமே இல்லையாம்மா. அவங்க சமையல் புத்தகம் மட்டும்தான் போடுவாங்களாம். இதை யாரு உனக்கு எழுதிக் குடுத்தாங்க?"

அண்ணனைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "தெரிஞ்சவங்கதான் அக்கா. எறும்பைப் பத்தி நிஜமான புத்தகம் ஏதாவது இருக்கா?"

மூன்று புத்தகங்கள் கிடைத்தன. அவற்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவள், அண்ணனின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லு. இந்தக் கட்டுரையை யாரு எழுதினது?"

அண்ணன் மென்று விழுங்கினான். "செயற்கை நுண்ணறிவுகிட்ட கேட்டேன். அஞ்சே நிமிஷத்துல எழுதிக் குடுத்துடுச்சு. அம்மாகிட்ட சொல்லிடாதே."

"அந்தப் புத்தகம் எங்க இருக்குன்னு அதுகிட்டயே கேளு."

கேட்டான். திரையில் பதில் வந்தது: 'மன்னிக்கவும். அப்படி ஒரு புத்தகம் இருப்பதாக என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. வேறொரு புத்தகத்தின் பெயரைத் தரட்டுமா?'

அண்ணனின் முகம் வெளுத்தது. "சரி, அந்த ஒரு வரியை எடுத்துடுறேன். போதும்ல?"

"மத்த வரியெல்லாம் சரின்னு யாரு பாத்தா?"

அண்ணன் தாள்களை மேசையில் பரப்பினான். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கும் இடம்விட்டான்.

ஞாயிறு முழுவதும் இருவரும் புத்தகங்களைப் புரட்டினார்கள். துருவி ஒவ்வொரு வரியாகப் படிக்க, அண்ணன் அது புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடினான். ஏழு வரிகளுக்கு எங்கேயும் ஆதாரம் கிடைக்கவில்லை. அவற்றை அடித்துவிட்டு, கட்டுரையை முதலிலிருந்து தன் சொந்த நடையில் எழுதினான். எழுத்துப் பிழை பார்க்க மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தான். அதையும் கடைசிப் பக்கத்தில் மறைக்காமல் குறிப்பிட்டான்.

திங்கள் மாலை அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் துருவி வாசலுக்கு ஓடினாள்.

"சார் என்ன சொன்னார்?"

"எல்லார் கட்டுரையிலயும் ஒரு புத்தகத்தைக் காட்டி, 'இதுல என்ன படிச்சே?'ன்னு கேட்டார். பாதிப் பேர் திருதிருன்னு முழிச்சாங்க."

"நீ?"

"நான் பேச ஆரம்பிச்சேன். கடைசியில அவரே, 'போதும்ப்பா, உக்காரு'ன்னு கெஞ்சிட்டார்."