இசைத்தட்டின் தோல்

முதல் பாட்டு முடிந்து இரண்டாம் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன அமைதியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மனோஜ்குமார் கண்ணைத் திறந்தான். முப்பது வருஷமாகக் கேட்கிற ஆல்பம். எந்த டிரம் அடி எங்கே ஒரு மயிரிழை முந்தி விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதில் செருமல் எதுவும் கிடையாது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்றும் இருந்தது. செருமல் வலது பக்கம் கேட்டது. அவனுடைய வலது காது செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்தச் சங்கதி அவனுக்கும் காது டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். பம்ப்செட் பட்டறையில் இத்தனை வருஷம் கிரைண்டிங் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியதற்கும், மிச்ச நேரமெல்லாம் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்ததற்கும் சேர்த்துக் கிடைத்த கூலி. "வலது போயிருச்சுங்க. இடதும் அதே வழியிலதான் போய்ட்டிருக்குது. இனி சத்தம் வேண்டாமுங்க, இருக்கறதயாவது காப்பாத்திக்கலாம்" என்றார் டாக்டர். அவர் மேஜை ரேடியோவில் ஏதோ ஒரு காதல் பாட்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. இதைக் கேட்கிற ஆளுக்குக் காதைப் பற்றி என்ன தெரியும் என்று எழுந்து வந்துவிட்டான். ஆனால் அன்றைக்குப் படுத்ததும் இடது காதைத் தலையணையில் அழுத்தினான், எடுத்தான், மறுபடி அழுத்தினான். இந்தக் காதும் போனால் அவன் யார்? வெறும் பட்டறைக்காரன். இந்த ஊரில் கல்லெடுத்து எறிந்தால் ஒரு பட்டறைக்காரன் தலையில்தான் விழும்.

மற்றவர்களுக்கெல்லாம் காது இருப்பது கடுக்கன் போடத்தான் என்பது அவன் தீர்ப்பு. ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் காபிக் கடைகளில் சிவப்பும் பச்சையுமாகப் புது ரெக்கார்டுகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, அதன் கீழேயே செல்ஃபோனில் பாட்டு விடுகிற பொடியன்களைப் பார்த்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆல்பம் வெளிவந்த எண்பத்தாறில் அதுகளின் அப்பன்மார் டவுசரோடு திரிந்திருப்பார்கள். இப்போது அதன் அட்டைப் படத்தைப் பனியனில் போட்டுக்கொண்டு கல்யாண ரிசப்ஷனுக்கு வந்து ஐஸ்க்ரீம் தின்கிறார்கள். அதனாலேயே அவன் அதன் பேரைச் சொல்வதை விட்டுவிட்டான். "ஆல்பம்" என்பான். எந்த ஆல்பம் என்று கேட்கிறவனோடு அப்புறம் பேச்சில்லை.

நாற்பது வருஷமாக அதற்கு வயசாகவில்லை. நான்கு பேர், அவ்வளவு கோபம், அவ்வளவு வேகம். இரண்டு கிதாரும் வார்ப்பிரும்பை ரம்பம் அறுப்பதுபோல அறுத்துக்கொண்டே போகும். இந்த நொடி கட்டுத் தெறித்துச் சிதறிவிடும் என்று தோன்றும், ஆனால் சிதறாது. அந்தப் பிடிக்குத்தான் அவன் அடிமை.

அதன் முதல் அச்சு ரெக்கார்டு, அவனுக்குத் தெரிந்து, கோயமுத்தூரில் ஒரே ஆளிடம் இருந்தது. சாஜித். பாலிடெக்னிக்கில் இவனோடு ஒரே பெஞ்சு. பிறகு உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. குரங்கு கையில் பூமாலை என்று மனோஜ்குமார் மனசுக்குள் சொல்லிக்கொள்வான். ஓட்டை பிளேயர், மழுங்கின ஊசி, துருப் படிந்த விரல். கடை மூடியதும் சாஜித் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, நகத்தால் கைப்பிடியில் தாளம் தட்டிக்கொண்டு தினமும் ஒரு தரம் முழுசாகக் கேட்பான். ஒரு பாட்டு முடிந்ததும், அடுத்ததைத் தானே பாடப் போகிறவன் மாதிரி தொண்டையைச் செருமுவான்.

ரெக்கார்டு முழுக்கக் கிரக் கிரக் என்று தூசிச் சத்தம். "தொடச்சுத் தொலைடா" என்றால் சிரிப்பான்.

"அதெல்லாம் ஆகாது மாப்ள. இத்தன வருசம் நான் உக்காந்து கேட்டதெல்லாம் அந்தத் தூசிலதான் இருக்குது. அதத் தொடச்சா நானே போயிருவேன்."

என்ன பெரிய தத்துவம்! வீட்டுத் தூசியில் பாதி மனுஷத் தோல். உதிர்ந்த செதில். ஆல்பத்துக்கு மேல் இந்த ஆளின் செதில் படிந்து கிடப்பதை நினைத்தாலே மனோஜ்குமாருக்கு அருவருப்பாக இருந்தது.

போன மாதம் சாஜித் அந்த நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டான். துக்கம் கேட்கப் போனபோது அவன் தங்கை சபுரா ரெக்கார்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணன் இத உங்களுக்குத்தான் குடுக்கோணும்னு சொல்லுச்சுங்க. தொடைக்க மட்டும் வேண்டாம்னுச்சுங்க."

"செரிங்க" என்று தலையாட்டினான். முந்தாநாள் சாயங்காலம் துடைத்தான்.

துடைப்பது என்றால் துணியால் அல்ல. அது பொடியன்கள் வேலை. விஷயம் தெரிந்தவர்கள் ஃபெவிகால் ஊற்றுவார்கள். ரெக்கார்டைச் சுழலவிட்டு மேலே கெட்டியாக வெள்ளைப் பசையைப் பரப்பி, நன்றாகக் காய விட்டு, ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினால் ஒரே தோலாக உரிந்து வரும். சர்ர்ரென்று ஒரு சத்தம். பள்ளத்தில் இருக்கிற அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும். சாஜித்தின் அழுக்கு சாம்பல் நிறத்தில் வந்தது, நடுவே ஒரு சுருட்டை மயிரோடு. எவ்வளவு குப்பை பாருங்கள் என்று ரெக்கார்டு சேர்ப்பவர்களின் குழுவில் படம் போடுவதற்காக அந்தத் தோலைக் கொல்லைப்புறக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினான்.

"ஏனுங்க, இதென்ன பாம்புச் சட்டையாட்ட? என்ற சேலைக்குப் பக்கத்துல தொங்குது" என்றாள் அவன் மனைவி புவனா. அவளுக்கு இதையெல்லாம் விளக்கி என்ன ஆகப்போகிறது?

இன்று காலை அவள் கோபியில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது அவனுடைய வலது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது. தலையாட்டினான். காது போனதிலிருந்து வீட்டில் அவன் பேசுகிற பாஷை அதுதான்.

அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று தெரிந்தபின் அறைக் கதவைச் சாத்தினான். அங்கே ஒரே நாற்காலி. இன்னொன்று போடுகிற அளவுக்கு ஊரில் யாருக்கும் காதில்லை. பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்திருந்தான். வீட்டு இன்வெர்ட்டரோடு சேர்த்துவிடலாமுங்க என்ற எலக்ட்ரீஷியனை ஏற இறங்கப் பார்த்தான். சிறுவாணித் தண்ணியை வைத்துக்கொண்டு போர் தண்ணியில் காபி போடுவானா எவனாவது?

ஸ்விட்சைத் தட்டிவிட்டு, ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடினான். தூசிச் சத்தம் துளியும் இல்லை. கழுவிவிட்ட மாதிரி அமைதி. பிறகு கிதார் வந்தது. இரண்டு பக்கமும் வந்தது. ஒரு வருஷமாக மண் அடைத்துக் கிடந்த வலது பக்கம் திறந்துகொண்டு, சிம்பலின் கடைசி நடுக்கம்வரை உள்ளே இறங்கியது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டராம், டாக்டர். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

அப்போதுதான் அந்தச் செருமல்.

இரண்டாம் பாட்டு ஓடியது. அதன் நடுவே, டிரம்முக்கு அடியில், இன்னொரு தாளம் ஒட்டிக்கொண்டு வந்தது. டக். டக். மரத்தில் நகம் தட்டுகிற சத்தம். வலது பக்கம் மட்டும். பாட்டு முடிந்ததும் பிரம்பு நெரிகிற ஓசை, கனமான ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவதுபோல. கூடவே ஒரு வாடை, துருவும் வேர்வையும் கலந்து. மனோஜ்குமார் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. பழைய ரெக்கார்டில் எதிரொலி விழுவது உண்டு, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். பயப்படுகிறவன் முட்டாள். இருந்தாலும் ரெக்கார்டைத் திருப்பிப் போடும்போது வலது பக்கம் மறுபடி ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

இரண்டாம் பக்கம் பாதி ஓடியபோது ஜன்னலில் நிழல் தட்டியது. பக்கத்து வீட்டு லட்சுமணசாமி, காம்பவுண்டுச் சுவர்மேல் சாய்ந்து கையை ஆட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வாரம் தவறாமல் வருகிற ஆள். மனோஜ்குமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து, இடது காதை வெளியே கொடுத்தான்.

"ஏனுங்க மனோஜு, உங்கூட்டுத் தொட்டில தண்ணி இருக்குதுங்களா? ஒரு கொடம் வேணுமுங்க. மோட்டார் போட மறந்துபோட்டேன்."

"இப்பப் போட வேண்டீதுதானுங்க."

"கரண்டு ஏதுங்க? இன்னிக்கு மாசாந்தர ஷட்டவுனுங்களே. ஒம்பது மணிக்கே புடுங்கிட்டானுங்க. காலைல அம்மணி போகைல உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே போச்சு? இதே வாசல்ல நின்னு சொல்லுச்சே." அவர் சிரித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. கரண்டு இல்லாததால உங்கூட்டுப் பாட்டும் இல்ல. இன்னிக்குத்தானுங்க காது நிம்மதியா இருக்குது."

அவனுக்குப் பின்னால் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

மெல்லத் திரும்பினான். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. அது இன்வெர்ட்டர். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்பீக்கர் கூம்பில் விரலை வைத்தான். அசைவில்லை. துணிபோலக் கிடந்தது.

தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இடது காதைக் கையால் பொத்தினான். பாட்டு குறையவில்லை. வலது காதைப் பொத்தினான். அப்போதும் குறையவில்லை. கிதாருக்கு இடையில் மூச்சு வாங்குகிற சத்தம் நெருங்கி வந்தது. ஊசியைத் தூக்கினான். பாட்டு நிற்கவில்லை. ரெக்கார்டையே எடுத்து உறையில் போட்டான். நிற்கவில்லை. டக். டக். டக்.

தோல்! அந்தத் தோலைத் திரும்ப ஒட்டிவிட்டால்? பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே கொல்லைக்கு ஓடினான். கொடியில் புவனாவின் சேலை இருந்தது. கிளிப் இருந்தது. தோல் இல்லை. கீழே இல்லை. குப்பைக் கூடையில் இல்லை.

வலது காதுக்குள் நமைச்சல் எடுத்தது.

சுண்டு விரலை விட்டான். நகத்தில் ஏதோ தட்டியது. மெல்லிய, வழவழப்பான ஓரம். பிடித்து இழுத்தான். சர்ர்ர்.

வந்தது. வெளுத்த தோல். அதில் பொடிப் பொடியாக வரிகள், வட்ட வட்டமாக. ஒரு சாண் வந்தது. இழுத்தான். ஒரு முழம். சாம்பல் நிறத் தூசி, நடுவே சுருட்டை மயிர். வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நிறுத்த நினைத்தான். கை நிற்கவில்லை. தோள்மேல் விழுந்தது, மடியில் விழுந்தது, தரையில் சுருண்டது. இழுக்க இழுக்கப் பாட்டு ஒவ்வொன்றாகக் கழன்றது. கிதார் போனது. டிரம் போனது. கடைசித் துண்டு பொத்தென்று வந்து விழுந்தது. வலது பக்கம் வெறும் பாழ்.

இடது காதில் உலகம் இன்னும் இருந்தது. காக்கை. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். அவன் அந்தக் காதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொல்லைத் தரையில் உட்கார்ந்தான். இது ஒன்று போதும். ஆல்பம் வேண்டாம். எந்தப் பாட்டும் வேண்டாம். புவனா என்ன பேசினாலும் கேட்கிறேன். இது மட்டும் இருக்கட்டும். வாய்விட்டுக் கெஞ்சினான். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தானோ, வெயில் சுவரைத் தாண்டியிருந்தது.

முன்பக்கக் கதவு திறந்தது. "ஏனுங்க, நான் வந்துட்டேனுங்க" என்று புவனாவின் குரல். அதைப்போல ஓர் இனிமையை அவன் எந்த ரெக்கார்டிலும் கேட்டதில்லை. கையை விலக்கினான்.

அந்தப் பாழுக்குள் யாரோ செருமினார்கள்.

"ஒரு பக்கம் சுத்தமாயிருச்சு மாப்ள. திருப்பிப் போடு."

அவன் தலை தானாகச் சாய்ந்தது. வலது கன்னம் சிமெண்டுத் தரையில் பதிந்தது. இடது காது வானத்தைப் பார்த்தது. எழ முயன்றான். கன்னத்தின் மேல் ஒரு கை இருந்தது, துரு வாடையோடு.

வளைகாப்பு வளையல் குலுங்க புவனா கொல்லை வாசலுக்கு வந்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அவனுக்கு மேலே, சற்று உயரத்தில் எதையோ பார்த்தாள். கையிலிருந்த பை நழுவியது. "ஏனுங்..." என்று அலறத் தொடங்கினாள்.

காதுக்குள் சில்லென்று, கெட்டியாக, பசையின் முதல் சொட்டு விழுந்தது. அவள் வாய் மட்டும் திறந்திருந்தது.