அம்மாவின் நம்பரில் ஓர் ஓட்டை

பஸ் புறப்பட்டுவிட்டது. அம்மா இன்னும் திரும்பி ஏறவில்லை.

வல்வெட்டித்துறையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகத்தான் மூவரும் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினார்கள். தனுஷிகாவின் தம்பி கஜானன் தாகம் என்று அழுததால், அம்மா சோடா வாங்க இறங்கினார். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

தனுஷிகா கத்த வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.

"அக்கா, அம்மா எங்கை?" ஐந்து வயதுக் கஜானனின் உதடு துடித்தது.

"வருவா." தம்பியின் கையை அவள் இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கும் பத்து வயதுதானே!

நல்லூர் தாண்டியதும் நடத்துநர் அருகில் வந்தார்.

"அண்ணை, எங்கடை அம்மா ஏறேல்லை..."

"ஐயோ பிள்ளை, முதலே சொல்லுறதுதானே! அம்மாவின்ரை நம்பர் பாடமோ?"

"ஓம்."

"இந்தா, கெதியாய் அடி. போனிலை சார்ச் முடியப்போகுது."

0, 7, 3, 5, 2... விரல் அப்படியே நின்றது. கடைசியில் 6411 வரும் என்பது நன்றாகத் தெரியும். நடுவிலுள்ள ஓர் இலக்கம் மட்டும் பயத்தில் மறந்துபோனது. நாலாக இருக்குமோ? அழுத்தினாள்.

"ஆர் கதைக்கிறது? பிழையான நம்பர்!" ஒரு முரட்டுக் குரல் அதட்டியது.

போன் 'பீப், பீப்' என்றது.

"இன்னும் ஒருக்காத்தான் எடுக்கலாம் பிள்ளை," என்றார் நடத்துநர்.

கஜானன் விம்மத் தொடங்கினான். ஜன்னலுக்கு வெளியே தெரியாத வீடுகளும் தெரியாத தோட்டங்களும் ஓடின. பெரியம்மா வீட்டுக்கு எங்கே இறங்குவது? இறங்கி எங்கே போவது?

அவள் கண்களை மூடினாள். போன வாரம் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி வரும் தொகை ஒன்பதால் மீதியின்றிப் பிரிந்தால், அந்த எண்ணும் பிரியும். அன்று வீட்டில் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் அவள் பிரித்துப் பார்த்தாள். எழுபத்து மூன்று கோடியைத் தாண்டும் அம்மாவின் நம்பரும் ஒன்பதால் சரியாகப் பிரிந்தது!

"என்ரை நம்பரையும் நீ விடேல்லையோ?" என்று அம்மா சிரித்தாரே!

ஏழும் மூன்றும் பத்து. ஐந்தும் இரண்டும் சேர்ந்தால் பதினேழு. ஆறு, நாலு, ஒன்று, ஒன்று... இருபத்தொன்பது. ஒன்பதால் பிரியும் முப்பத்தாறு ஆக இன்னும் ஏழு வேண்டும்!

"ஏழு, அண்ணை! ஏழு!"

கூட்டல் பிழைத்திருந்தால்? ஆனாலும் அழுத்தினாள். மணி அடித்தது. மீண்டும் அடித்தது.

"ஹலோ?" அழுதுகொண்டிருந்த அம்மாவின் குரல்!

நடத்துநர் போனை வாங்கினார். "பிள்ளையள் என்னோடை இருக்கினம். கோப்பாய்ச் சந்தியிலை நிக்கிறம், வாங்கோ!" என்று அவர் சொல்லி முடித்ததும் போன் அணைந்தது.

சந்தியில் பஸ் காத்து நின்றது. சற்று நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நிற்க, அம்மா இறங்கி ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டார்.

அதுவரை வராத அழுகை அப்போதுதான் தனுஷிகாவுக்கு வந்தது.

"அழாதை அக்கா," என்று கஜானன் பெரிய ஆள் போல அவள் முதுகைத் தட்டினான். "நான் இருக்கிறன்தானே!"