பூண்டு புழங்காத வீடு

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமணர் வீடு அது. வெங்காயமும் பூண்டும் வாசற்படி தாண்டியதே இல்லை. அப்படியிருக்க, ஸ்ரீசந்திரன் சோற்றைப் பிசையும்போது, ரசத்தின் சீரக வாசனையையும் ஜன்னல் வழியாக வந்த மண் வாசனையையும் தள்ளிக்கொண்டு, பச்சைப் பூண்டை நசுக்கின வாடை மூக்கில் ஏறியது.

"பக்கத்து வீட்டுல தாளிச்சிக்கினு இருப்பாங்க," என்றாள் மனைவி ராஜமதி.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். கெமிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியருக்கு அந்த வாடை தெரியாதா என்ன? செலினியம் என்கிற நச்சுத் தனிமம் உடம்புக்குள் போனால் மூச்சு இப்படித்தான் நாறும்.

போன வருஷம் விழுப்புரம் ஆய்வகத்தில், செமிகண்டக்டர் நானோ துகளுக்காகச் செலினியத்தின் சிவப்புப் பொடியைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒலக்கூர் மாணவி பொன்னியின் மூச்சிலும் இதே வாடைதான். புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடவில்லை. வேலையை நிறுத்தினால் ஆராய்ச்சிக் கட்டுரை தள்ளிப்போகும், அதோடு பதவி உயர்வும். "பூண்டைக் கொறைச்சிக்கம்மா," என்று சிரித்துவிட்டுப் போனார்.

நெஞ்சு வெந்து அவள் செத்தாள். உயிர் இருக்கும்போதே, ஆய்வகத்தில் என்ன வேலை செய்தாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கேட்டபோது, சாதாரண வேலைதான் என்றார். பாவி. அந்தக் கட்டுரையால்தான் பேராசிரியர் ஆனார்.

வாடை கூடியது. அடுப்படியில் இல்லை. கொல்லையிலும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். எதிரே தட்டின் மேல் குனிந்திருந்த மகள் பிராமி இருமினாள். அங்கிருந்துதான் வந்தது.

ராஜமதி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கொழந்த எதையாச்சும் மோந்து பாத்துச்சான்னு டாக்டர் கேக்கறாரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியும். ஒரு வார்த்தை போதும், பிள்ளை பிழைத்துவிடும். ஆனால் செலினியம் என்றால் எங்கிருந்து என்பார்கள். அப்புறம் பொன்னி. அப்புறம் வேலை, பேர், எல்லாம்.

பெற்ற பிள்ளை.

வாயைத் திறந்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

இருட்டிவிட்டது. இருமல். மறுபடியும் இருமல்.

"என்னங்க."

"தெரியல," என்றார்.

பிராமி நிமிர்ந்தாள். அவள் மூச்சு பட்ட இடத்திலெல்லாம் எவர்சில்வர் தட்டில் சிவப்புப் பொடி படிந்துகொண்டே இருந்தது. பல்லெல்லாம் சிவப்பு. ஏழு வயசுப் பிள்ளையின் வாயிலிருந்து பொன்னியின் குரல் பணிவாக வந்தது.

"பரவால்லைங்க சார்."